அந்நியக் கடையா? அறிமுகமான கடையா?

தைவான் உணவகத்து மேசையில் மலேசியத் தமிழரின் நூறாண்டுக் கதை

“நம் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் நம் சாப்பாடு பிடிப்பதில்லை.” கிள்ளான் பள்ளத்தாக்கில் கல்யாணப் பந்தியிலும் கோவில் அன்னதான வரிசையிலும் பெரியவர்கள் வாயில் அடிக்கடி கேட்கும் குறை இது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலை விரித்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், சனிக்கிழமை மாலையானால் சுபாங் ஜெயாவிலும் பேரங்காடிகளிலும் உள்ள தைவான் கடைகளில் இடம் தேடுகிறார்கள். பொரித்த கோழி, மீ, சோற்றுக் கிண்ணம், அடியில் கறுப்பு உருண்டைகள் மிதக்கும் பால் தேநீர். ஆளுக்கு இருபது முப்பது வெள்ளியில் ஒரு மாலைப் பொழுது கழிந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. “ஒரு நாள் மீ சாப்பிட்டால் தமிழ் மறந்துபோகுமா? நீங்கள் மட்டும் சீனர் கடையில் கோப்பி குடிக்கவில்லையா?” என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்கிறார்கள். இந்த வாக்குவாதம் பல வீடுகளில் முடியாத வழக்காக நடந்துகொண்டிருக்கிறது.

தீர்ப்புச் சொல்லும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த மேசைக்கு வரும் பண்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எங்கே பிறந்தன, எப்படி வளர்ந்தன என்று விசாரிக்க வேண்டும். விசாரித்தால், அந்நியம் என்று நாம் நினைக்கும் பலவற்றில் நம் சொந்தக்காரர்களின் கைரேகை தெரிகிறது.

ஒரே கரையிலிருந்து புறப்பட்டவர்கள்

தைவான் ஒரு தீவு. சீனாவின் பூஜியான் மாநிலக் கரைக்கும் அதற்கும் இடையே குறுகிய இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர் கடல். பதினேழாம் நூற்றாண்டு முதல் பூஜியான் கரையிலிருந்து மக்கள் அந்தக் கடலைத் தாண்டிப் போய்க் குடியேறினார்கள். இன்றைய தைவான் மக்களில் பத்தில் ஏழு பேர் அப்படிப் போனவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டு மொழி ஹொக்கியனின் ஒரு கிளை.

அதே பூஜியான் கரையிலிருந்து வேறு கப்பல்கள் தெற்கே வந்தன. அவற்றில் வந்தவர்கள் பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் இறங்கினார்கள். கிள்ளான் கடைத்தெருவில் இன்றும் பெரிதாகக் காதில் விழும் சீன மொழி ஹொக்கியன்தான். ஆக, கிள்ளான் சீனரும் தைவான்காரரும் ஒரு வகையில் பங்காளிகள்.

அந்த ஹொக்கியன் மொழியோடு தமிழருக்கு உறவு உண்டா? நம் வாயைத் திறந்தாலே தெரியும். மீ, மீஹூன், குவே தியாவ், தௌகே, பொப்பியா ஆகிய சொற்கள் எல்லாம் ஹொக்கியன் வழியாகவே நம் பேச்சுக்குள் வந்தன. முதலாளியைத் ‘தவுக்கே’ என்று தோட்டத்துத் தமிழர் அழைத்தார்களே, அதுவும் ஹொக்கியன் சொல். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒட்டுக்கடைகளின் புகழ்பெற்ற ‘மீ கோரிங் மாமாக்’ எது? ஹொக்கியன்காரரின் மஞ்சள் மீயையும் சோயா அவரைக் கட்டியையும் எடுத்து, மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் புரட்டியது. சீனாவிலும் அது இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. இந்த மண்ணில் இரு சமூகங்கள் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டதால் பிறந்த பிள்ளை அது.

கிள்ளானின் பெயரைச் சொல்லும் பண்டமான பக்குத்தேயும் ஹொக்கியன்காரருடையதே. பன்றி எலும்பை மூலிகைகளோடு கொதிக்கவைத்த சாறு அது. பெயரின் கடைசியில் வரும் ‘தே’ தேநீரைக் குறிக்கிறது என்பர் சிலர். முதலில் விற்ற கடைக்காரர் பெயரின் கடைசி அசை என்பர் வேறு சிலர். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசாங்கம் அதனைத் தேசிய மரபு உணவுப் பட்டியலில் சேர்த்தது. சோற்றின்மேல் சோயாச் சாற்றில் வெந்த இறைச்சித் துணுக்குகளை ஊற்றித் தரும் தைவான் கிண்ணம் இருக்கிறதே, அது இந்தப் பக்குத்தேக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

‘தே’ என்ற ஓரெழுத்து

மேசைக்கு முதலில் வருவது தேநீர். உலக மொழிகளில் தேயிலைக்கு உள்ள பெயர்களை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். தரைவழி வாணிபத்தில் போனது ‘சா’ என்ற ஒலி. அது பாரசீகத்திலும் இந்தியிலும் ‘சாய்’ ஆனது. மலையாளத்தில் ‘சாயா’ ஆனது. ஹொக்கியன் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிப் போனது ‘தே’ என்ற ஒலி. மலாய்க்காரர் அதைத் ‘தெ’ என்றார்கள். 1624 முதல் 1662 வரை தைவானின் தென்பகுதியை ஆண்ட டச்சுக்காரர்களும் அந்த ஒலியையே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலச் சொல்லின் வேரும் அதுவே. நாம் தேயிலை, தேநீர் என்று அழகாகத் தமிழ்ப்படுத்தி வைத்திருக்கிறோமே, அந்தச் சொற்களின் முன்பாதியில் உட்கார்ந்திருப்பதும் அந்த ஹொக்கியன் ‘தே’தான்.

சொல் அவர்களுடையது, உழைப்பு நம்முடையது. 1929ஆம் ஆண்டு கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, காட்டை வெட்டிக் கொழுந்து கிள்ள வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தத் தேயிலையைக் கெட்டிப்பாலோடு கலந்து, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றி, தே தாரிக்காக விற்றவர்கள் நம் முஸ்லிம் சகோதரர்கள். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியரின் பசியாறும் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்ந்தே அந்தப் பெருமையைப் பெற்றன.

கிள்ளான் வயிறு பட்ட பாடு

தைவான் கடையில் பிள்ளைகள் விரும்பிக் கேட்பது அந்தக் கறுப்பு உருண்டைகள். ‘முத்து’ என்று பெயர். அதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் 1941ஆம் ஆண்டுக் கிள்ளானுக்குப் போக வேண்டும்.

அன்று கிள்ளான் வட்டாரம் முழுக்க ரப்பர்த் தோட்டங்கள். ரப்பர் விலை ஏறியிருந்தது. ஆனால் அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளர் பெற்ற கூலி தமிழருக்குக் கிடைக்கவில்லை. ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். சீனருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சம உழைப்புக்குச் சம சோறு கேட்ட போராட்டம் அது.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கியவர்கள், 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூருக்குள் நுழைந்தார்கள். மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவழைத்துச் சாப்பிட்ட நாடு. கப்பல் நின்றது, அரிசி நின்றது. ரப்பரை வாங்க ஆளில்லை; கூலியும் நின்றது.

அப்போது தோட்டப்புறத்து லயங்களில் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளிக்கிழங்கு. காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு. அவித்தார்கள், மாவாக்கினார்கள், ரொட்டியாகத் தட்டினார்கள், இலையையும் விடாமல் சமைத்தார்கள். சத்தில்லாத அந்தச் சாப்பாட்டால் கால் வீங்கியவர்களும், புண் ஆறாமல் கிடந்தவர்களும் பலர். ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே போன பல்லாயிரம் தமிழரில் திரும்பி வந்தவர் குறைவு. ஜப்பான் காலத்தைக் கண்ட பாட்டிமார் பிற்காலத்தில் மரவள்ளியைத் தொட மறுத்ததை இன்றும் பல குடும்பங்களில் சொல்லக் கேட்கலாம்.

பேத்தி உறிஞ்சிக் குடிக்கும் அந்தக் கறுப்பு முத்து என்ன? மரவள்ளி மாவை உருட்டி, பழுப்புச் சர்க்கரையில் ஊறவைத்தது. பாட்டி பசிக்குத் தின்ற கிழங்கேதான் பேத்தியின் குவளையில் பன்னிரண்டு வெள்ளிக்கு மிதக்கிறது. பாட்டிக்கு அந்த முத்தின் பெயர் தெரியாது. பேத்திக்கு அந்தக் கிழங்கின் கதை தெரியாது. தைவான் கடை வாசலில் நம் குடும்பங்கள் இழந்துகொண்டிருப்பது நாக்கின் ருசியைவிட இந்தக் கதையைத்தான்.

சேலத்துக்கும் பங்கு உண்டு

இதே போர் தமிழ்நாட்டில் வேறொரு கதவைத் திறந்தது. அதுவரை ஜவ்வரிசி மலாயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. போரில் அது நின்றதும் தட்டுப்பாடு வந்தது. 1943ஆம் ஆண்டு சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வணிகர், மலாயாவிலிருந்து வந்து மரவள்ளி மாவுத் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து, உள்ளூர்க் கிழங்கிலிருந்தே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். இன்று இந்தியாவில் ஜவ்வரிசி என்றாலே சேலம்தான். 1981ஆம் ஆண்டில் உற்பத்தியாளர்களுக்கென்று ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கமும் அங்கே அமைந்தது.

பொங்கலுக்கும் விரதத்துக்கும் நாம் காய்ச்சும் ஜவ்வரிசிப் பாயசமும், தைவானின் முத்துத் தேநீரும் ஒரே கிழங்கின் இரண்டு பிள்ளைகள். பல்லில் இழுபடும் அந்தப் பதத்தை நாம் ‘ஜவ்வு’ என்கிறோம். தைவான்காரர் ‘க்யூ’ என்கிறார்கள். அவர்கள் பாராட்டிச் சொல்லும் சொல் அது.

பால் தேநீரில் மரவள்ளி முத்தைப் போடும் வழக்கம் தைவானில் 1980களில் தோன்றியது. யார் முதலில் போட்டது? தைச்சுங் நகரத்து சுன் ஷுய் தாங் கடையும் தைனான் நகரத்து ஹான்லின் கடையும் ஆளுக்கு ஆள் உரிமை கொண்டாடி நீதிமன்றம் போயின. பத்தாண்டு இழுத்த வழக்கு 2019ஆம் ஆண்டு முடிந்தது. யார் வேண்டுமானாலும் செய்து விற்கக்கூடிய பண்டம் இது, முதலில் செய்தவர் யார் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்பதே முடிவு. தோசையை முதலில் சுட்டது யார் என்று வழக்குப் போட்டால் என்ன தீர்ப்பு வருமோ, அதே தீர்ப்புத்தான்.

மலேசியாவில் இந்தப் பானத்தைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்தது 2010ஆம் ஆண்டு தைவானிலிருந்து வந்த ‘சாடைம்’. 2017ஆம் ஆண்டு தைவான் நிறுவனத்துக்கும் உள்ளூர் உரிமதாரருக்கும் பிணக்கு ஏற்பட்டு, 150க்கும் மேற்பட்ட கடைகள் ‘டீலைவ்’ என்ற மலேசியப் பெயருக்கு மாறின. 2019ஆம் ஆண்டில் சுபாங் ஜெயா எஸ்எஸ் 15 பகுதியில் ஒரே தெருவில் அடுத்தடுத்து முத்துத் தேநீர்க் கடைகள் முளைத்து, நாடே அதைப் பற்றிப் பேசியது.

அகதி கொண்டுவந்த மீ

தைவான் கடைகளின் தலைமைப் பண்டம் மாட்டிறைச்சி மீ. நம்மில் பலர் அந்தப் பெயரைக் கண்டதும் பட்டியலை மூடிவிடுவார்கள். ஆனால் அதன் வரலாறு தெரிந்தால் வியப்பு வரும். தைவானின் பழைய குடியானவர்களும் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களே! ஏர் இழுத்து நெல் விளைத்துத் தரும் மாட்டைக் கொன்று தின்பது நன்றி கெட்ட செயல் என்று அவர்கள் எண்ணினார்கள். இன்றும் அங்கே மாட்டிறைச்சியைத் தொடாத முதியவர்கள் இருக்கிறார்கள். காவிரிக் கரைக் குடியானவருக்கு இந்த மனம் நன்றாகப் புரியும்.

பிறகு எப்படி வந்தது மாட்டிறைச்சி மீ? 1949ஆம் ஆண்டு சீன உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை ஷேக்கின் அரசு தைவானுக்குப் பின்வாங்கியது. படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாருமாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். சில மாதத்தில் ஊர் திரும்பலாம் என்று வந்தவர்கள், வாழ்நாளெல்லாம் திரும்ப முடியாமல் போனார்கள். அவர்களில் சிச்சுவான் பகுதியினர் தம் ஊர்க் காரத்தை நினைத்து, மிளகாயும் அவரை விழுதும் சேர்த்து மாட்டிறைச்சியைக் கொதிக்கவைத்தார்கள். தெற்கே காவ்சியுங் அருகே காங்ஷான் விமானப்படைக் குடியிருப்புகளில் அது உருவானதாகக் கருதப்படுகிறது. 1951 முதல் 1965 வரை வந்த அமெரிக்க உதவியில் கோதுமை மாவு மலிந்தது. சோற்று நாட்டில் மீ பெருகியது. ஓய்வுபெற்ற படைவீரர்கள் பிழைப்புக்காகத் தள்ளுவண்டியில் மீ விற்றார்கள்.

ஊரை விட்டு வந்தவன் ஊர் ருசியைப் பிடித்துக்கொள்வதும், புது மண்ணில் கிடைப்பதை வைத்து அதைச் சமைப்பதும், நாளடைவில் அது அந்த மண்ணின் பண்டமாகவே ஆகிவிடுவதும் நமக்குப் புதிய செய்தியா? நம் வாழையிலைச் சோறும் அப்படித்தான். இலையில் சோறு போடுவது தாயகத்து வழக்கம். கடையில் நாலு இனமும் உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிடுவது இந்த மண்ணில் சேர்ந்தது.

சோற்றிலும் தைவான்

“மீயை விடுங்கள், சோறாவது நம்முடையதுதானே?” என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு செய்தி காத்திருக்கிறது.

தைவானில் குட்டையான நெல் வகை ஒன்று இருந்தது. பெயர் ‘டீ ஜியோ வூ ஜென்’. ‘குட்டைக் கால், கறுத்த நுனி’ என்பது அதன் பொருள். அதைப் பயன்படுத்தி 1956ஆம் ஆண்டில் தைவானில் ‘தைச்சுங் நேட்டிவ் 1’ என்ற நெல்லை உருவாக்கினார்கள். 1960களின் நடுவில் அது இந்திய வயல்களுக்கு வந்தது. அதே குட்டை நெல்லை இந்தோனேசியாவின் ‘பேத்தா’ நெல்லோடு சேர்த்து, பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆய்வு நிலையம் 1966ஆம் ஆண்டு வெளியிட்டதுதான் ஐ.ஆர். 8. உரம் போட்டாலும் சாயாமல் நின்று, முன்பு காணாத விளைச்சல் தந்தது. மலேசியாவில் அதற்கு ‘ரியா’ என்று பெயர் சூட்டினார்கள். தமிழ்நாட்டில் ‘ஐ.ஆர். எட்டு’ என்றால் தெரியாத விவசாயி இல்லை.

பாரம்பரிய நெல்வகைகள் பல இந்தப் புது நெல்லால் மறைந்தன என்ற வருத்தமும் உண்மை. பஞ்சம் ஒதுங்கியது என்பதும் உண்மை. எப்படியானாலும், தைவான் என்ற பெயரைக் கேள்விப்படாத காலத்திலேயே தஞ்சாவூர்க் குடியானவன் தைவான் வம்சத்து நெல்லைச் சாப்பிட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் தைவானோடு கை குலுக்கிய இன்னோர் இடம் மரக்கறிக் கடை. வெள்ளிக்கிழமையிலும் புரட்டாசியிலும் தைப்பூச விரத நாட்களிலும் சீன மரக்கறி உணவகங்களில் தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த ‘கோழி’யும் ‘மீனும்’ அங்கே உண்டு. இந்தப் போலி இறைச்சித் தொழிலில் தைவான் முன்னணி நாடுகளில் ஒன்று. காரணம் அங்குள்ள பௌத்த இயக்கங்கள். 1966ஆம் ஆண்டு ஹுவாலியனில் தோன்றிய சூச்சி அமைப்பும், 1967ஆம் ஆண்டு காவ்சியுங்கில் தோன்றிய போ குவாங் ஷானும் மலேசியா வரை கிளை பரப்பின. கிள்ளானுக்குத் தெற்கே ஜென்ஜாரோமில் சீனப் புத்தாண்டுக்கு விளக்கலங்காரம் காணப் பல இனத்தவரும் திரளும் டோங் சென் ஆலயம், போ குவாங் ஷானைச் சேர்ந்தது.

இங்கே ஒரு பாடமும் உண்டு. சைவம் என்ற சொல் எல்லாருக்கும் ஒன்றல்ல. பௌத்த மரக்கறியில் வெங்காயமும் பூண்டும் விலக்கு. நமக்கு அவை இல்லாமல் சாம்பாரே இல்லை. நமக்குப் பாலும் தயிரும் சைவம்; முட்டை சைவமல்ல. சில சீன மரக்கறிக் கடைகளில் முட்டை உண்டு. தைவானில் முட்டை உள்ளது, பால் உள்ளது, வெங்காயம் பூண்டு உள்ளது என்று மரக்கறி உணவை வகை பிரித்து உறையில் எழுத வேண்டும் என்பது விதி. விரதமிருப்போர் சாதாரண தைவான் கடைக்குப் போனால் கேட்டுத் தெரிந்துகொண்டு உண்பதே முறை. சாற்றில் எலும்பு வெந்திருக்கும், வதக்கலில் பன்றிக் கொழுப்பு இருக்கும். கோழியை மட்டும் கொண்டு சமைக்கும் கடைகளும், ஹலால் சான்றிதழ் பெற்ற கடைகளும் நம் நாட்டில் உண்டு. கேட்பதில் வெட்கமில்லை, சொல்வதில் கடைக்காரருக்கும் குறைவில்லை.

யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

வெளியே சாப்பிடுவதை இழிவாகப் பேசும்போது நாம் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. தாயகத்தில் ஒரு காலத்தில் எல்லாரும் எல்லாக் கடையிலும் உட்கார முடியாது. உணவகப் பெயரில் சாதியை எழுதிய பலகைகள் தொங்கின. 1957ஆம் ஆண்டில்கூடச் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் அந்தப் பலகையை எடுக்கச் சொல்லிப் பெரியார் இயக்கத்தார் போராடி நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது இங்கேயும் தோட்டப்புறங்களில் சாதிப் பிரிவினை இருந்தது. சிலரைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். சிலர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

அத்தகைய காலத்தில், காசைப் பளிங்கு மேசைமேல் வைத்தால் யார் மகன் என்று கேட்காமல் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தது சீனர் கோப்பிக் கடை. சாதியைக் கேட்காமல் ரொட்டியை வீசிப் போட்டது முஸ்லிம் கடை. பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகள் தமிழனை ருசிக்குப் பழக்கியதோடு, பக்கத்தில் உட்கார்ந்தவனைச் சமமாகப் பார்க்கவும் பழக்கின. இன்று தைவான் கடையில் ஒரு தமிழ்ப் பெண்ணும் மலாய்த் தோழியும் சீனத் தோழியும் ஒரே தட்டிலிருந்து பகிர்ந்து தின்றால், அது அந்தப் பழைய மேசையின் நீட்சி. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான கவலைகள் இரண்டு

அப்படியானால் பெரியவர்கள் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? உண்டு. இரண்டு கவலைகள் உண்டு.

முதலாவது, சர்க்கரை. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னணியில், 31.4 விழுக்காடு! மூவரில் ஒருவருக்கு நெருக்கம். அதே 2019 ஜூலை முதல் சர்க்கரை அதிகமுள்ள புட்டிப் பானங்களுக்கு அரசாங்கம் வரி போட்டது. கடையில் கலந்து தரும் முத்துத் தேநீர் அதில் அடங்காது. பழுப்புச் சர்க்கரை, பால், மாவு உருண்டை மூன்றும் ஒரே குவளையில் சேர்ந்தால் என்ன ஆகும்? பழியைத் தைவான்மேல் மட்டும் போடுவதும் நேர்மையல்ல. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும், தீபாவளி இனிப்பும் நம் சொந்தத் தயாரிப்புகள்தானே. சர்க்கரையைக் குறைத்துக் கேட்கும் பழக்கம் இரண்டு கடைக்கும் பொது.

இரண்டாவது, அடுப்படி. பிரிக்பீல்ட்ஸின் கதையைப் பாருங்கள். 1881ஆம் ஆண்டின் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்த கோலாலம்பூரைச் செங்கல்லால் திருப்பிக் கட்டியபோது, சூளைகள் இருந்த இடம் அது. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக் கிராணிகளும் நிலைய அதிகாரிகளும் தமிழ்நாட்டுத் தண்டவாளத் தொழிலாளரும் குடியேறினார்கள். அவர்கள் பசிக்குச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. பழைய ரயில் நிலத்தில் 2001ஆம் ஆண்டு கேஎல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வருகையின்போது ‘லிட்டில் இந்தியா’ என்று அலங்கார வளைவும் வந்தது. வாடகையும் ஏறியது.

வளைவு இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார்கள், சமைக்க ஆள்தான் இல்லை. 2018ஆம் ஆண்டு ஜூனில், அடுத்த ஆண்டு முதல் உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்களே இருக்க வேண்டும் என்று அன்றைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன் அறிவித்தார். எதிர்ப்புக் கிளம்பியதும், அது ஆலோசனைதான் என்று விளக்கம் வந்தது. எதிர்த்தவர்களில் நம் உணவக உரிமையாளர்களே முன்னால் நின்றார்கள். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. நம் கடைகளின் தோசைக்கல்லுக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர். கடைக்காரரின் மகன் கணக்காயர், மகள் மருத்துவர். படிக்கவைத்த அப்பாவுக்குப் பெருமை. அடுப்புக்கு வாரிசு இல்லை.

தைவானைப் பாருங்கள். ஓய்வுபெற்ற சிப்பாயின் தள்ளுவண்டி மீ இன்று உலகப் பேரங்காடிகளில் விற்கிறது. 1958ஆம் ஆண்டில் சமையல் எண்ணெய்க் கடையாகத் தொடங்கி, 1970களில் உணவகமாக மாறிய தைப்பேயின் ‘டின் தாய் புங்’ பல நாடுகளில் கிளை விட்டிருக்கிறது. மடிப்பு எத்தனை, எடை எவ்வளவு என்று அளந்து, சமையலைச் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொள்ளும் கைத்தொழிலாக ஆக்கினார்கள். சமையல்காரருக்கு மரியாதையும் ஊதியமும் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் அங்கே போவதற்கு ருசி மட்டும் காரணமல்ல. சுத்தமான மேசை, தெளிவான விலைப்பட்டியல், உட்கார்ந்து பேச இடம் ஆகியவையும் காரணம்.

வழக்கின் முடிவு

இப்போது வழக்குக்கு வருவோம். பிள்ளைகள் தைவான் கடைக்குப் போவது குற்றமா? இல்லை. அந்த மேசையில் உள்ள தேநீரின் பெயர் நம் வாயில் ஏற்கெனவே உண்டு. முத்து நம் பாட்டன் பாட்டி உயிர் காத்த கிழங்கு. சோற்றுக்கும் நமக்கும் வயல் உறவு. கடைக்காரர் கிள்ளான் தவுக்கேயின் பங்காளி.

பெரியவர்கள் கவலைப்படுவது தவறா? அதுவும் இல்லை. ஆனால் கவலையை வைக்க வேண்டிய இடம் வேறு. பிள்ளைகள் எந்தக் கடையில் சாப்பிடுகிறார்கள் என்பதைவிட, நம் கடையில் சமைக்க அடுத்த தலைமுறையில் எவர் இருக்கிறார் என்பதே பெரிய கேள்வி. சமையலைத் தொழிற்கல்வியாகப் படிக்கும் தமிழ் இளைஞரைக் கேலி செய்யாமல் இருந்தால், சமையல்காரருக்கு நியாயமான சம்பளம் கொடுத்தால், அந்தக் கேள்விக்கு நம்மிடமே விடை இருக்கிறது.

அடுத்த முறை பேத்தி அழைத்தால் பாட்டி மறுக்க வேண்டாம். கூடப் போகட்டும், சர்க்கரையைக் குறைத்துக் கேட்கட்டும். முத்து மேசைக்கு வந்ததும், “இது என்ன தெரியுமா, மரவள்ளி. ஜப்பான் காலத்தில் உன் கொள்ளுத் தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோன பிறகு, இதைத் தின்றுதான் நாங்கள் பிழைத்தோம் என்று என் அம்மா சொல்வார்” என்று தொடங்கட்டும். பேத்தி கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்பாள்.